டெய்லர் அக்கா பதில்கள்: உள்ளே துணி விடுங்கள்

போன இதழில் ஜாக்கெட் கழுத்து பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, போஸ்டரில் தெரிகிற இடுப்பு என் டேப்பில் ஒருநாளும் வந்ததில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கழுத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதமெல்லாம் இடுப்பு, இடுப்பு. கோடம்பாக்கத்தில் 32 வருஷம் கதாநாயகிகளுக்குத் தைத்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதை வைத்துச் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நடிகைகளுக்கு நிஜமாகவே 24 இஞ்ச் இடுப்பா? எனக்கு 30. ராத்திரிச் சாப்பாட்டை விட்டு மூன்று மாதம் ஆகிறது. அரை இஞ்ச்கூட இறங்கவில்லை.
*கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

கண்ணு, 24 நான் அளந்ததே இல்லை. 25 ஒன்றிரண்டு பேர். அவர்கள் பிறவியே அப்படி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து நின்றாலும் 25தான். மற்றவர்கள் 27, 28, 29. உன் அளவில் ஒருவர் நாலைந்து வருஷம் முதல் இடத்தில் இருந்தார். பெயரைக் கேட்காதே. டாக்டருக்கு இருக்கிற மாதிரி டெய்லருக்கும் அதில் ஒரு ஒழுக்கம் இருக்கிறது.

முதலில் நீ எங்கே அளந்தாய், அதைச் சொல். பாவாடை கட்டுகிற இடத்திலா, விலா எலும்புக்குக் கீழே உடம்பு ஒடுங்குகிற இடத்திலா? ஒரே ஆளுக்கு இந்த இரண்டு இடத்துக்கும் மூன்று இஞ்ச் வித்தியாசம் வரும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு, மாதவிலக்குக்கு முன்னால் இன்னொரு அளவு. போஸ்டரில் பார்ப்பது இதில் எதுவும் இல்லை.

அதை எப்படிச் செய்வோம் என்று கேள். பாவாடைக்கு விரிவை அள்ளிக் கொடுப்போம். கீழே விரிய விரிய மேலே இடுப்பு சிறுத்துத் தெரியும். ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் ஒரு சாயல் கறுப்பான துணியை இணைத்துத் தைப்போம். கேமரா முன்பக்கம் மட்டும் பார்க்கிற ஷாட் என்றால், சட்டையை முதுகில் இழுத்துப் பிடித்து கிளிப் போட்டுவிடுவோம். திரும்பி நின்றால் துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும். உள்ளே வயிற்றை அமுக்குகிற பட்டி வேறு. 'கட்' சொன்னதும் முதல் வேலையாக அந்தப் பெண் மூச்சை விடுவாள். அதற்கும் மேலே, படம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவர் இடுப்பைச் சீவுகிறார். நான் தைத்த பட்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருப்பதைப் போஸ்டரில் பார்த்துத்தான் அது எனக்கே தெரிய வந்தது. பட்டனை நான் நேராகத்தான் வைத்திருந்தேன்.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சைஸ் ஜீரோ, சைஸ் ஜீரோ என்று ஊரே பேச ஆரம்பித்தது 2008இல். 'தஷன்' என்ற இந்திப் படத்துக்காக கரீனா கபூர் மெலிந்ததில் தொடங்கியது. அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, கேரளத்திலிருந்து ஒரு புதுப் பெண் நடிக்க வந்திருந்தாள். இருபது வயசு இருக்கும். பாட்டுக்கு அளவு எடுக்கிறேன். கடைகளில் பார்த்திருப்பாயே, டெய்லர் அளவைச் சத்தமாகச் சொல்ல, பையன் நோட்டில் எழுதுவான். அந்தப் பழக்கத்தில், "இடுப்பு இருபத்தேழரை" என்று குரல் கொடுத்தேன். போன ஷெட்யூலில் இருபத்தாறரை. பக்கத்தில் நின்ற மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. "என்னம்மா, ஊர்ல போய் நல்லா சாப்பிட்டியா?" என்று சிரித்தார். யூனிட்டே சிரித்தது. நானும்தான். அன்றிலிருந்து அவள் கேரவனுக்குள் போனது வெள்ளரிக்காயும் கடுங்காப்பியும். நாலாம் நாள் ரிகர்சலில் சுற்றி வரும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜாக்கெட்டை நான்தான் கத்தரியால் வெட்டிக் கழற்றினேன். அந்த நாள் தொட்டு நான் யார் அளவையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுச் சீட்டில் எழுதிப் பையனிடம் கொடுப்பேன். சாலிகிராமத்தில் என் கடையில் இன்றைக்கும் அப்படித்தான்.

நீ ராத்திரி சாப்பிடு. நாலு இட்லி சாப்பிடுகிற இடத்தில் மூன்று சாப்பிட்டால் அது வேறு விஷயம். பட்டினி போட்ட உடம்பு மறுநாள் அதையும் சேர்த்துக் கேட்கும், நீயும் கொடுப்பாய். அதனால்தான் டேப் அசையவில்லை.

குஷ்புவுக்குக் கோயில் கட்டிய ஊர்க்காரன் நான். எங்கள் ரசனை மாறவே இல்லை. அப்புறம் ஏன் இப்போது எல்லா நடிகைகளும் குச்சியாக இருக்கிறார்கள்?
*திருச்சியிலிருந்து ஒரு பழைய ரசிகர்*

உங்கள் ரசனை மாறவில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம். குஷ்பு இட்லி இன்னும் அதே பருமனில்தான் விற்கிறது. ஆனால் குற்றத்தை முழுக்கத் தயாரிப்பாளர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நழுவ முடியாது. 'இஞ்சி இடுப்பழகி' படத்துக்காக 2015இல் அனுஷ்கா எடை போட்டார். கதைக்குத் தேவை, போட்டார். அதற்கப்புறம் வருஷக்கணக்காக அவர் எந்தப் படத்தில் வந்தாலும் முதல் பேச்சு நடிப்பைப் பற்றியா இருந்தது? கீர்த்தி சுரேஷ் மெலிந்தபோது, முகமே போய்விட்டது, பழையபடி இருந்தால்தான் அழகு என்று ஒரே திட்டு. இரண்டு பேரையும் பேசியது ரசிகர்கள்தான். குண்டு, ஒல்லி என்பதெல்லாம் அப்புறம். ஒரு பெண்ணின் உடம்புக்கு மார்க் போடுகிற உரிமை தனக்கு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம், அதுதான் சங்கதி.

கொடியிடை, மின்னலிடை, துடியிடை என்று நம் புலவர்களே பாடவில்லையா? இது இன்று வந்த மோகம் இல்லையே அக்கா?
*தமிழாசிரியை, கும்பகோணம்*

டீச்சர், நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் துடி என்றால் உடுக்கை என்று தெரியும். உடுக்கைக்கு நடுவில் ஒடுக்கம் எப்போது வரும்? மேலும் கீழும் அகலமாக இருந்தால்தானே! எழும்பூர் மியூசியத்தில் சோழர் காலத்துப் பார்வதிச் சிலைகளைப் பாருங்கள். இடுப்பு சின்னதுதான், ஆனால் தோளும் துடையும் எவ்வளவு நிறைவு! இன்றைக்குக் கேட்பது உடுக்கை இல்லை, அதன் இரண்டு முகத்தையும் கழற்றிவிட்டு நடுக்கட்டையை மட்டும் கேட்கிறார்கள். அதற்குத் துணி தைக்கிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். தோளில் நிற்காது.

பிளஸ் டூ படிக்கிற மகள். டயட் என்று ஆரம்பித்தாள். இப்போது தோசையைத் துப்பட்டாவில் மறைத்து வெளியே போடுகிறாள். முடி கொட்டுகிறது, மூன்று மாதமாக விலக்காகவில்லை. கேட்டால், "நான் இன்னும் குண்டுதான்மா" என்கிறாள். எலும்பு தெரிகிறது அக்கா.
*பெயர் வேண்டாம், ஈரோடு*

தங்கச்சி, இந்தக் கடிதத்தை இதழ் வரும்வரை வைத்திருக்க மனம் வரவில்லை. அலுவலகத்திலிருந்து அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்யச் சொன்னேன். மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இதே மாதிரி ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். மே மாதம், ஏசி இல்லாத ஃப்ளோர், லைட் சூட்டில் எங்களுக்கெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. அவள் மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை அளவு எடுக்கும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிறந்த குழந்தைக்கு இருக்குமே, பூனைமுடி, அப்படி முளைத்திருந்தது. என் கையைப் பிடித்து, "உங்க கை கதகதன்னு இருக்குக்கா, விடாதீங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த மாதம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனபோது டாக்டரம்மா சொன்னார்: கொழுப்பு கரைந்து போன உடம்பு, குளிர் தாங்காமல் தனக்குத் தானே முடி வளர்த்துக்கொள்கிறதாம். நோய்க்குப் பெயர் அனோரெக்சியா. கண்ணாடியில் என்ன தெரிந்தாலும் மனசு குண்டு என்றுதான் சொல்லும். இதில் இதயம் நின்று போகிற ஆபத்தும் உண்டு. அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983இல் இதனால்தான் இறந்தார். வயசு 32. இந்த நோயைப் பற்றி உலகம் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

உங்கள் மகளுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். சொல்ல வேண்டியது டாக்டர். இந்த வாரமே கூட்டிப் போங்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் பார்க்கட்டும். கூடவே மனநல மருத்துவரும் பார்க்க வேண்டும், அதில் வெட்கமே வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம். மயக்கம் போட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ போனெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

வீட்டில் சில விஷயங்கள். வாயில் திணிக்காதீர்கள். எடை மிஷினை எடுத்துப் பரணில் போடுங்கள். "எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்று நீங்கள் அழுதால், ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். நீங்களும் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, வேறு எதையாவது பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். உறவுக்காரர்கள் யாராவது, "அட, என்னமா இளைச்சிட்டா, சூப்பர்!" என்று பாராட்ட வருவார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொங்கல் வரைக்கும் கோபித்துக்கொண்டு இருக்கட்டும்.

தை மாதம் கல்யாணம். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 61 கிலோ. 'ஆல்பத்தில் நல்லா வரணும்' என்று மாமியார் ஆகப்போகிறவர் சொல்கிறார். எடை குறைக்கிற ஊசி போடலாமா?
*மணப்பெண், கோயம்புத்தூர்*

எங்கள் தெரு டாக்டரிடம் உன் கணக்கைக் காட்டினேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கில் 23.8. ஆசியர்களுக்கான கணக்கில் 23க்கு மேல் கொஞ்சம் கூடுதலாம். தினம் நடந்தால் சரியாகிற கூடுதல். மவுன்ஜாரோ, வீகோவி என்று 2025இல் இங்கே விற்பனைக்கு வந்த ஊசிகளெல்லாம் பிஎம்ஐ 30 தாண்டியவர்களுக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி கூடவே நோய் இருந்தால் 27. டாக்டர் சீட்டில்லாமல் தொடக்கூடாது. ஆல்பத்துக்காகப் போடுகிற மருந்து இல்லை அது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறோம் என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் ஜாக்கிரதை. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட சின்னத்திரை நடிகை ஒருத்தி கொழுப்பு நீக்குகிற சிகிச்சைக்குப் போய் இறந்தே போனாள். வயசு 21.

ஆல்பம்தான் கவலை என்றால் அது என் துறை. போட்டோக்காரரிடம், கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொல். கிட்டே வந்து எடுத்தால் யாரையும் அகலமாகத்தான் காட்டும். ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேலே ஒரு இஞ்ச் வரை வை. மாமியாரிடம் மாப்பிள்ளை பேசட்டும். பேசுகிறாரா என்று பார்.

குண்டாக இருப்பதை ஆதரிக்கிறீர்களா? ஆரோக்கியத்துக்காகத்தானே பெண்களிடம் சொல்கிறோம்!
*ஓய்வு பெற்ற அதிகாரி, வேலூர்*

ஆதரிக்கவில்லை சார், எனக்கே சர்க்கரை இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்றுதான் வந்தது. அதே கணக்கெடுப்பில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை. ஒல்லியான பெண்ணைப் பார்த்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒருதடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

இதற்கெல்லாம் சட்டம் போட முடியாதா?
*சட்டக் கல்லூரி மாணவி, சென்னை*

சில நாடுகளில் போட்டிருக்கிறார்கள். இஸ்ரேலில் 2012இல் சட்டம் வந்தது, பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருக்கிற மாடலை விளம்பரத்தில் காட்டக்கூடாது. பிரான்சில் 2017 முதல் மாடல்கள் டாக்டர் சான்றிதழ் காட்ட வேண்டும். விளம்பரப் படத்தில் உடம்பைச் சீவினால் 'திருத்தப்பட்ட படம்' என்று அதிலேயே அச்சடிக்க வேண்டும். நம் ஊர் சினிமா போஸ்டருக்கு இது வந்தால் ஹீரோ தொப்பைக்கும் சேர்த்துத்தான் அச்சடிக்க வேண்டியிருக்கும்.

தீபாவளிக்குத் தைத்த பட்டு ஜாக்கெட் இப்போது ஏறவில்லை. உள்ளே பிரிக்கத் துணியே இல்லை என்கிறார் டெய்லர். இளைக்கும்வரை பீரோவில் வைக்கட்டுமா?
*குடும்பத்தலைவி, தஞ்சாவூர்*

எதற்கு? அந்த டெய்லர் உள்ளே துணி விடாமல் வெட்டியது அவர் தப்பு. நாங்களெல்லாம் பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் விட்டுத்தான் தைப்போம். சினிமாவிலும் அப்படித்தான் இருந்தது. ஷெட்யூல் நடுவில் ஆள் ஒரு சுற்று கூடினால், மதிய பிரேக்கில் தையலைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. சைஸ் ஜீரோ வந்தபோதுதான் ஒரு மேனேஜர் என்னிடம் வந்து, "உள்ளே துணி விடாதீங்க, அப்பதான் பயத்துல சாப்பிடாம இருக்கும்" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு, துணி விட்டுத்தான் தைத்தேன். லைனிங்குக்கு உள்ளே மடித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

உங்கள் ஜாக்கெட்டுக்கு வழி இருக்கிறது. புடவை முந்தானை மடிப்பிலோ ஓரத்திலோ ஒரு சாண் துணி எடுக்க முடியுமா பாருங்கள். இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை பிரித்து, முக்கால் இஞ்ச் துண்டு கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கினால்தான் தெரியும். பட்டில் பழைய தையல் ஓட்டை மறையாது, அந்தத் தடத்தின் மேலேயே மெல்லிய ஜரிகை நாடா ஒன்று ஓட்டிவிட்டால் டிசைன் மாதிரி ஆகிவிடும். இந்தத் தடவை உள்ளே ஒரு இஞ்ச் விடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.