ஆன்லைன் கவுன்சலிங் என்றால் என்ன? போனில் பேசினால் மனசு தேறுமா?

விவாகரத்து, வேலை போவது, வீட்டில் ஒரு சாவு. இப்படிப் பெரிய அடி விழும்போது, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடம் போனிலோ வீடியோவிலோ குறித்த நேரத்தில் தொடர்ந்து பேசுவதுதான் ஆன்லைன் கவுன்சலிங்.

பேசினால் என்ன ஆகும்? பதற்றத்தில் மனசு ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைக்கும், வேறு வழி இருப்பதே கண்ணில் படாது. குடியாத்தத்தில் தறி நெய்கிறவர்களுக்குத் தெரியும்: சிக்கிய நூலை இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். எதிரே ஒருவர் முனையைத் தளர்த்திப் பிடித்தால் பிரித்துவிடலாம். ஆலோசகர் செய்வது அதைத்தான். அனுபவசாலி என்றால் எந்த முனையை முதலில் தொடுவது என்றும் தெரியும்.

வேலூரில் நேரில் போக பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. ஆனால் வாசலில் தெரிந்தவர் பார்த்து "யாருக்கு என்ன?" என்று கேட்பாரோ என்றே பலர் தயங்குகிறார்கள். போனில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் தனி அறை இல்லையா, இயர்போனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். காசு இல்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது. இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், கவுன்சலிங் போனாலே மாத்திரையில் தள்ளிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்; மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை, ஆலோசகரால் எழுதவே முடியாது.