ஆக்சிடென்ற்றிலை கார் போட்டுது, அடுத்ததா பாதுகாப்பான காரா எதை எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "கிளிநொச்சியிலை இருக்கிறன். மணல் டிப்பர் ஒண்டு பின்னாலை வந்து இடிச்சு என்ர ஓல்டோ முழுசாப் போட்டுது. இன்சூரன்ஸ் காசு கொஞ்சம் வரும். இந்த முறை பாதுகாப்பான காரா எடுக்கோணும். பழைய தடிச்ச இரும்புக் கார் நல்லதோ, சின்னப் புதுக் கார் நல்லதோ?"

ஆளுக்கு ஒண்டும் இல்லைத்தானே, அது காணும். காரைப் பேந்தும் பாக்கலாம். அவசரப்பட்டு எடுத்து வாங்கிக் கட்டினவன் நான், அதாலை கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

2023 மாசி மாசம். வவுனியாவிலை ஒரு கலியாணவீடு முடிஞ்சு இரவு எட்டு மணி மட்டிலை கிளிநொச்சிக்குத் திரும்பிறம். நான், மனுசி, பின்னுக்கு அம்மாவும் மகளும். புளியங்குளம் தாண்டி வரேக்கை எதிர்ப்பக்கம் வந்த பஸ்காரன் ஹெட் லைற்றை இறக்காமல் கண்ணுக்கை அடிச்சுக்கொண்டு வாறான். அவன் விலத்திப் போன அடுத்த செக்கன் எனக்கு முன்னாலை நெல்லு மூட்டை ஏத்தின ரக்டர் பெட்டி. அறுவடைக் காலம் எண்டா உங்களுக்குத் தெரியாததே, பின்னுக்கு ஒரு லைற் இல்லை, மினுங்கிற சிவப்பு ஒட்டுத்தாள் கூட இல்லை. பிறேக்கிலை ஏறி நிண்டும் பெட்டிக்குக் கீழை போய்ச் செருகிச்சுது. முட்டேக்கை நாப்பது கிலோமீற்றர் வேகம்தான் இருந்திருக்கும்.

எயார் பாக் விரியேல்லை. எனக்கு முன்பல்லு ரெண்டு ஸ்டியரிங்கோட போட்டுது, மனுசிக்கு பெல்ற் பிடிச்ச இடத்திலை காறை எலும்பு வெடிப்பு. பெல்ற் இல்லாட்டி அவ கண்ணாடிக்கு வெளியாலை. அம்மா பின்னுக்குத்தானே எண்டு பெல்ற் போடேல்லை, முன்சீற்றிலை வந்து அடிபட்டு கை முறிஞ்சுது, மடியிலை படுத்திருந்த மகள் சீற்றுக்கு இடையிலை விழுந்து கீறலோடை தப்பினாள். ரோட்டாலை வந்த பெடியள்தான் 1990க்கு அடிச்சு அம்புலன்சிலை ஏத்தி விட்டவங்கள்.

ரெண்டு கிழமை கழிச்சு கராச்சிலை டிங்கரிங் பாக்கிற தம்பி ஸ்டியரிங் மூடியைக் கழட்டிப்போட்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ, உள்ளுக்கை ஒண்டுமில்லை." உண்மையாவே ஒண்டுமில்லை. மூடியை வெட்டி திருப்பி ஒட்டி வச்சிருக்கு. மற்றப்பக்கம் டாஷ்போர்ட்டுக்குள்ளையும் அதே கதை. எனக்கு முதல் ஆரோ ஒரு இடத்திலை இடிச்சு எயார் பாக் விரிஞ்சிருக்கு, புதுசு போட்டாக் காசு எண்டு வெறும் ஓட்டையை மூடி, டாஷ்போர்ட்டிலை எயார் பாக் சரியோ பிழையோ எண்டு காட்டிற எஸ்ஆர்எஸ் லைற்றின்ர வயரை ஒயில் லைற் வயரோடை கட்டி விட்டிருக்கினம். அப்பதான் திறப்பைப் போட எரிஞ்சு ஸ்டார்ட் பண்ண நூரும், வாங்கிறவனுக்குச் சந்தேகம் வராது. எனக்கு வித்தவர் சொன்னது "ஒரு ரீச்சர் ஓடினது தம்பி, ஒரு கீறல் இல்லை" எண்டு. வாங்கி வரேக்கை முறிகண்டியிலை இறங்கி தேங்காய் உடைச்சனான் வேறை. பிள்ளையார் தன்ர பங்கைச் செய்துதான் இருக்கிறார்.

அதாலை உங்கட கேள்விக்கு என்ர பதில், மாடலை பிறகு பாருங்கோ, முதல்லை ஒருக்காலும் பெரிசா இடிபடாத காரைத் தேடுங்கோ. இடிச்சுப் பாக்கிற பாதுகாப்புச் சோதனையிலை அஞ்சு ஸ்டார் எடுத்த கார் எண்டாலும் ஒருக்கா இடிபட்டு ஒட்டுப்போட்டா அந்த ஸ்டார் அதுக்கு இல்லை. சோதிச்சது முழுக் காரை, ஒட்டின காரை இல்லை.

இனி அந்த இரும்புக் கதை. என்ர சித்தப்பாவும் இதைத்தான் சொன்னவர், "அந்தக் காலத்து மொறிஸ் மைனர், ஏ40 எல்லாம் மண்ணெண்ணையிலை ஓடியும் அசையேல்லை, இப்பத்தை கார் தகரப்பேணி" எண்டு. நான் அவருக்கு ஃபோனிலை ஒரு வீடியோ போட்டுக் காட்டினனான், 2009 இலை அமெரிக்காவிலை இன்சூரன்ஸ் கம்பனியள் நடத்திற பாதுகாப்பு நிறுவனம் ஒண்டு 1959 செவ்ரோலே பெல் எயாரையும் 2009 செவ்ரோலே மலிபுவையும் ரெண்டும் 64 கிலோமீற்றர் வேகத்திலை பாதி முகம் மோத விட்டது. பழசுக்குத் தகரம் எவ்வளவு தடிப்பு, ஆனா ஓட்டிறவர் இருக்கிற இடம் அப்பிடியே மடிஞ்சு ஸ்டியரிங் நெஞ்சுக்கு வருது, ஆள் தப்பச் சான்ஸ் இல்லை. புதுசிலை மூஞ்சி முழுக்க நசுங்குது, கதவுக்கு அங்காலை ஒண்டும் வரேல்லை, காலிலை சின்னக் காயம் வரலாம் எண்டு முடிவு. முன்னுக்கு நசுங்கிறது நசுங்கத்தான் செய்திருக்கு, அந்த அடியை அது தின்னோணும். ஆக்கள் இருக்கிற பெட்டிதான் நசுங்கக் கூடாது. சித்தப்பா பாத்திட்டு "அது அமெரிக்கக் கார்" எண்டார். விட்டிட்டன்.

ஆனா சின்னக் காருக்கும் வக்காலத்து வாங்கேல்லை நான். நீங்கள் ஓல்டோ எண்டபடியா சொல்றன், இந்தியாவிலை எயார் பாக் இல்லாமல் வித்த ஓல்டோ 800 ஐ, கார்களை இடிச்சுச் சோதிக்கிற குளோபல் என்கேப் எண்ட அமைப்பு 2014 இலை இடிச்சுப் பாத்து ஸ்டார் ஒண்டும் குடுக்கேல்லை, பூச்சியம். ஜப்பானிலையிருந்து வாற வாகன் ஆர் மாதிரி 660 சிசி கார்கள் அதைவிட எவ்வளவோ மேல், எயார் பாக் எல்லாம் இருக்கு, ஆனா அதுகளுக்கு சட்டமே நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றருக்கு மேலை போகக் கூடாது எண்டு, அப்ப டிக்கிக்கும் பின்சீற்றுக்கும் இடையிலை எவ்வளவு இடம் மிஞ்சும் எண்டு நீங்களே ஒருக்கா பின்கதவைத் திறந்து பாருங்கோ, உங்களுக்கு டிப்பர் இடிச்சது பின்னாலைதானே. ஸ்டார் எண்டதும் தன்னளவு பாரமான காரோடை இடிபட்டா என்ன நடக்கும் எண்ட கணக்கு. ஏ-9 வீதியிலை எங்களுக்கு எதிரை வாறது தன்னளவு காரே? சீற்றின்ர தலையணை காது உயரத்துக்கு வருதோ எண்டும் பாருங்கோ, பின்னாலை இடிச்சா கழுத்தைப் பிடிக்கிறது அதுதான். கன பேர் ஆகக் கீழை இறக்கி விட்டிருப்பினம்.

கொழும்புக்காரர் கேட்டா வேறை மாதிரிச் சொல்லலாம், எங்கட பக்கம் ஆபத்தே வேறை. மாரியிலை வயல் எல்லாம் விதைச்சிருக்கிறதாலை மாடு முழுக்க ரோட்டிலை, இரவிலை தார் சூட்டுக்கு நடு ரோட்டிலையே படுத்திருக்கும். கறுப்பு எருமை எண்டா கண் மினுங்கினாத்தான் தெரியும். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டாலை போனாலும் மாங்குளத்தாலை போனாலும் இதுதான், ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் சேரும். மாட்டுக்கு அடிச்சா பம்பர் அதின்ர காலைத்தான் தட்டும், உடம்பு பொனற்றுக்கு மேலாலை வந்து முன் கண்ணாடிக்குள்ளை விழும், அந்த இடத்திலை எயார் பாக்கும் பெரிசா உதவாது. அதாலை வன்னியிலை கார் எடுக்கிறவர் இடிபட்டா என்ன எண்டதோடை, இடிபடாமல் நிக்குமோ, விலத்துமோ எண்டதையும் பாக்கோணும். பிறேக்கை இறுக்கி மிதிச்சாலும் சில்லு பூட்டுப்பட்டு வழுக்காமல் வைக்கிற ஏபிஎஸ் கட்டாயம். அதுக்கு மேலை, சடாரெண்டு வெட்டி விலத்தேக்கை கார் சுத்திப் போகாமல் ஒவ்வொரு சில்லா பிறேக் பிடிச்சு நேராக்கிற சாமான் ஒண்டு இருக்கு. டொயோட்டாவிலை விஎஸ்சி, ஹொண்டாவிலை விஎஸ்ஏ, நிசானிலை விடிசி, சுசுக்கியிலை ஈஎஸ்பி எண்டு பேர். ஜப்பானிலை 2012 ஒக்ரோபரிலையிருந்து புதுசா வாற மாடலுக்கும் 2014 ஒக்ரோபரிலையிருந்து ஏற்கெனவே ஓடின மாடலுக்கும் அதைக் கட்டாயமாக்கினவை, 660 சிசி கார்களுக்குப் பிந்தித்தான். திறப்பை ஒன் பண்ணேக்கை வழுக்கிற கார் படம் போட்ட லைற் ஒண்டு எரிஞ்சு நூந்தா இருக்கு எண்டு அர்த்தம்.

தானா பிறேக் பிடிக்கிற கார் எண்டு சொல்லித் தலையிலை கட்டப் பாப்பினம். 2015 இலையிருந்து டொயோட்டாவின்ர சின்னக் கார்களிலை வந்த சேஃப்ரி சென்ஸ் சி முன்னுக்குப் போற வாகனத்தைத்தான் பாக்கும், ஆக்களையே பாக்காது, மாட்டை எங்கை பாக்கிறது. இருந்தா நல்லது, அதுக்கெண்டு பத்து லட்சம் கூடக் குடுக்காதேங்கோ. அந்தக் காசிலை மஞ்சளடிச்ச ஹெட் லைற்றை மாத்தி நாலு நல்ல ரயர் போடலாம். ரயர் பக்கத்திலை நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டா 2019 ஆம் ஆண்டு 23 ஆவது கிழமை செய்தது. பூ நல்லா இருக்கு எண்டு பத்து வருச ரயரோடை வித்துப்போடுவினம், மழை ரோட்டிலை பிறேக் பிடிக்கேக்கைதான் தெரியும்.

சரி, இடிபடாத கார் எண்டு எப்பிடிப் பாக்கிறது. திறப்பை ஒன் வரைக்கும் திருப்புங்கோ, ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. பட்டனை அமத்தி ஸ்டார்ட் பண்ற கார் எண்டா பிறேக்கை மிதிக்காமல் பட்டனை ரெண்டு தரம் அமத்துங்கோ. எஸ்ஆர்எஸ் லைற் எரிஞ்சு ஒரு ஆறு ஏழு செக்கனிலை தானா நூரோணும், ஒயில் லைற்றும் பற்றரி லைற்றும் எரிஞ்சபடி இருக்க இது மட்டும் நூரோணும். எரியவே இல்லாட்டி பல்ப்பைக் கழட்டியிருக்கு, ஸ்டார்ட் பண்ணித்தான் நூருதெண்டா என்ர கதைதான். இதையும் ஏமாத்த வழி இருக்கு, எயார் பாக் இருக்க வேண்டிய வயரிலை சின்ன ரெசிஸ்டர் ஒண்டைப் போட்டு விட்டா எயார் பாக் இருக்கெண்டு கார் நம்பும். அதாலை கொம்பியூட்டரைப் பூட்டி ஸ்கான் அடிச்சா மட்டும் காணாது, மெக்கானிக்கைக் கொண்டு மூடியைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, பற்றரியைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டிட்டுத்தான் அதிலை கை வைக்கோணும். விக்கிறவர் அதுக்கு ஓமெண்டாட்டி எழும்பி வாங்கோ. பெல்ற்றையும் கடைசி மட்டும் இழுத்துப் பாருங்கோ. பலமா இடிபட்டிருந்தா பெல்ற்றை இறுக்கிற வெடியும் வெடிச்சிருக்கும், இழுத்தா சுருங்காது, இல்லாட்டி மற்றப் பெல்ற்றை விடப் புதுசா இருக்கும்.

பேந்து காரின்ர உடம்பு. கதவு ரப்பரை இழுத்துப் பாத்தா உள்ளுக்கை மெசின் அடிச்ச வெல்டிங் பொட்டு வரிசையா ஒரே அளவா இருக்கோணும், கையாலை வெல்ட் பண்ணினது கோணல் மாணலா இருக்கும். பொனற், முன் மட்காட் பூட்டின நட்டிலை பெயின்ற் பறந்திருந்தா கழட்டியிருக்கு. டிக்கியிலை ஸ்பெயார் ரயரைத் தூக்கி அடித்தட்டு சுருங்கியிருக்கோ பாருங்கோ. ரெண்டு காரை வெட்டி ஒண்டாக்கினதுகூட சந்தையிலை இருக்கு, பகிடி இல்லை. ஜப்பான் கார் எண்டா, அங்கை ஏலத்திலை விக்கேக்கை காரின்ர நிலைமையை எழுதிற ஏல ஷீற்றைக் கேளுங்கோ, அதிலை ஆர் எண்டு கிறேட் போட்டிருந்தா அங்கையே இடிபட்டுத் திருத்தினது. ஷீற்றிலை இருக்கிற சேசிஸ் நம்பரை காரிலை பொறிச்சதோடை ஒத்துப் பாருங்கோ, வேறை காரின்ர ஷீற்றைக் காட்டினா நாங்கள் எங்கை கண்டம்.

உண்மையான எயார் பாக் இருந்தாலும் ஒரு வேலை மிச்சம். தகாத்தா எண்ட ஜப்பான் கம்பனி செய்த எயார் பாக் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கிலை திருப்பி எடுத்தவை, அதுக்குள்ளை போட்ட அமோனியம் நைத்திரேற் வெக்கையிலையும் ஈரத்திலையும் வருசக்கணக்கிலை கிடந்து பழுதாகி, விரியேக்கை இரும்புத் துண்டுகளா வெடிச்சு ஆக்களைச் சாகடிச்சது. அந்தக் கம்பனி 2017 இலை வங்குரோத்து. வெக்கையும் ஈரமும் எங்கட ஊருக்கு சொல்லத் தேவையில்லை. ஹொண்டா, டொயோட்டா, நிசான் எல்லாத்திலையும் போட்டிருந்தது, கார்க் கம்பனியின்ர இணையத்திலை, திருப்பி எடுக்கிறதைப் பற்றின ரீகோல் பக்கத்திலை சேசிஸ் நம்பரை அடிச்சா மாத்தினதோ இல்லையோ காட்டும். அஞ்சு நிமிச வேலை.

இன்சூரன்சைப் பற்றி ஒண்டு. 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு விலை ஏறினது தெரியும்தானே, நான் வாங்கின விலையிலையே காப்புறுதியை வருசா வருசம் புதுப்பிச்சுக்கொண்டு இருந்திட்டன், கடைசியிலை வந்த காசு சந்தை விலையிலை பாதிதான். அவையைக் குறை சொல்லேலாது, பத்திரத்திலை நான் போட்ட தொகை அது. புதுசு எடுத்தா முதல் நாளே இண்டைய விலைக்குப் போடுங்கோ.

நான் எடுத்தது 2013 டொயோட்டா அக்ஸியோ, ஹைபிரிட் இல்லாதது. அதே காசுக்கு 2017 கார் ஒண்டு பளபளவெண்டு நிண்டது, மனுசிக்கு அதிலைதான் கண். டிங்கரிங் தம்பி ஸ்பெயார் ரயரைத் தூக்கினவுடன என்னைப் பாத்துத் தலையை ஆட்டினான். அவனுக்கு அரை நாள் சம்பளமும் சாப்பாடும் குடுத்து வவுனியா, யாழ்ப்பாணம் எண்டு ஆறு கார் பாத்தம், அதிலை நாலு இடிபட்டது. அக்ஸியோவுக்கு முன்னுக்கு ரெண்டு எயார் பாக்தான், பக்கத்திலை விரியிறது ஜப்பான் கார்களிலை கனக்க ஒப்ஷன், கதவுக்குப் பக்கத்துத் தூணிலை எஸ்ஆர்எஸ் எண்டு பொறிச்சிருந்தா இருக்கு. அதோடையது கிடைச்சா விடாதேங்கோ, எனக்குக் கிடைக்கேல்லை. மகளுக்குப் பின்சீற்றிலை பிள்ளைச் சீற் பூட்டியாச்சு. அம்மா இப்ப ஆள் ஏற முதல் பெல்ற்றைத் தேடுறா, பரந்தன் சந்தைக்குப் போறதெண்டாலும்.

என்ர பழைய காரை இன்சூரன்ஸ்காரர் ஏலத்திலை விட்டிட்டினம். போன வருசம் ஒன்லைனிலை விளம்பரம் பாத்துக்கொண்டு இருக்கேக்கை அதே நம்பர். புது பம்பர், புது பொனற், "ஆக்சிடென்ற் இல்லை, ஒரே ஓனர், உடனே விற்பனைக்கு" எண்டு போட்டிருக்கு. போட்டிருந்த நம்பருக்கு எடுத்து எயார் பாக் இருக்கோ எண்டு கேட்டனான். "ரெண்டும் இருக்கு அண்ணை" எண்டான். அடுத்த நாள் பாத்தா விளம்பரத்தைக் காணேல்லை, வித்திட்டானோ தூக்கிட்டானோ தெரியாது. வெள்ளி நிறம், சின்ன ஹட்ச்பக், டிக்கிக் கதவிலை உள்பக்கம் என்ர மகள் ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்ரிக்கர் அப்பிடியே படத்திலை தெரிஞ்சது. நீங்கள் பாக்கப் போற இடத்திலை அது நிண்டா விட்டிட்டு வாங்கோ.