பேனலின் பள்ளத்தில் கார்பெட் விட்டுக்கொண்டால்

வண்டியின் உட்புறத்தில், பின்சக்கரத்தை மூடும் வளைந்த பேனலில் ஒட்டிய கார்பெட், வெயில் பட்டதும் அதன் பள்ளத்தில் மட்டும் விட்டுக்கொள்கிறது என்றால், பசையைக் கூட்டிப் பயனில்லை. கார்பெட்டை உரித்தெடுத்து, பள்ளத்தில் முதலில் அழுத்தி ஒட்டி, அங்கிருந்து விளிம்புகளை நோக்கி வர வேண்டும். விளிம்பில் தொடங்கினால் பள்ளத்தின் மேல் துணி இழுபட்டு நின்று, சூட்டில் பசை இளகியவுடன் மேலெழும்பிவிடும்.

மீந்த துண்டை நீளவாக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் நீளாவிட்டால், அடியில் ரப்பர் பூச்சுள்ள தரைக் கார்பெட்டாக இருக்கலாம். அதனோடு போராடுவது வீண். வேன்களின் உட்புறத்தில் ஒட்டும், பின்பூச்சில்லாத பாலியெஸ்டர் வகையே வளைவுக்குப் பொருந்தும்.

வெப்பம் தாங்கும் காண்டாக்ட் பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் சேருங்கள். கார்பெட்டை வளைவில் படியவைக்க ஹீட் கன்னை (சூடான காற்றை வீசும் கருவி) பயன்படுத்தினால், மிக அருகில் பிடிக்காதீர்கள்; பிடித்தால் இழை உருகிவிடும்.

ஏர்பேக் உள்ள பேனல்களை மூடாதீர்கள். அது விரியும் வழியைக் கார்பெட் தடுக்கக்கூடும்.