வேகமாக ஓடுகிறவர் நல்ல ரிசீவரா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களுடன் ஒரு டைனஸ்டி ஃபேன்டசி லீக்கில் விளையாடுகிறேன் (நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை நம் அணிக்கு எடுத்து, வருடக்கணக்கில் வைத்திருந்து, அவர்கள் ஆட்டத்தைப் பொறுத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு). கல்லூரியிலிருந்து என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்கு வரும் வைட் ரிசீவர்களில், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்களில், 40 யார்டை வேகமாக ஓடியவரைப் பார்த்து எடுத்து, இரண்டு வருடமாக ஏமாந்தேன். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ், கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் சோதித்துப் பார்க்கும் இண்டியானாபொலிஸ் கம்பைன் முகாமில் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடினார். கம்பைனில் அதுவரை பதிவானதில் அதுதான் அதிவேகம். அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி 9-ஆவது தேர்வாக அவரை எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. காயங்கள் அவரை விடாமல் துரத்தின என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே வருடம் ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்த கூப்பர் கப் ஓடியது 4.62. மூன்றாம் சுற்றில் 69-ஆவதாகத்தான் அவர் பெயர் வந்தது. 2021 சீசனில் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன். மூன்றிலும் லீக்கில் அவரே முதல். கூடவே சூப்பர் பௌல் என்ற இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் விருதும் (எம்விபி).

40 யார்டு ஓட்டத்தில் எதிரே ஆள் இல்லை. ஆட்டத்தில் முதல் மூன்று யார்டுக்குள்ளேயே கார்னர்பேக், அதாவது ரிசீவரைத் தடுக்கும் எதிரணி ஆள், நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவார். பிரஸ் என்பது இதுதான். அதிலிருந்து கழன்று வரும் வித்தை ரிலீஸ். கபடியில் பாடிப் போகிறவர் ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக் காட்டிவிட்டு மறுபக்கம் காலை நீட்டுவார் அல்லவா, கிட்டத்தட்ட அதே வேலை. இது கைவராதவருக்கு 4.3 விநாடி வேகம் இருந்தும் பயனில்லை. ஓடத் தொடங்குவதற்குள் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

இதில் ஒரு சிக்கல், கல்லூரி ஆட்டத்தில் சில ரிசீவர்கள் பிரஸ்ஸை அதிகம் சந்திப்பதே இல்லை. மைதானமும் வேறு மாதிரி. ஒவ்வொரு முறையும் மைதானத்தின் நடுவே உள்ள இரண்டு ஹாஷ் கோடுகளுக்குள்தான் பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் பந்து ஓர் ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் பெரிய வெற்றிடம் கிடைக்கும். அங்கே தனியாக ஓடி 1,000 யார்டு சேர்த்தவரைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லைக் கோட்டோரம் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். என்எஃப்எல்லில் இரண்டும் படவேண்டும்.

சரி, வீட்டில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது? டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ரிசீவர் ஓடும் ரூட்டில், அதாவது பாதையில், பாதி திரையிலேயே இருக்காது. பின்னாலிருந்து காட்டும் ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஹைலைட்ஸ் வீடியோவை நம்பாதீர்கள். அதில் யாரும் பந்தைத் தவறவிடுவதே இல்லை. ஓர் ஆட்டத்தில் அவரை நோக்கி வீசிய எல்லாப் பந்துகளும் உள்ள தொகுப்பாகத் தேடுங்கள். அதில் ரூட் திரும்பும் இடத்தில் கண்ணை வையுங்கள். திரும்புவதற்கு முன் குட்டிக் குட்டி அடியாக வைக்கிறாரா, நெஞ்சு நிமிர்கிறதா? அப்படியானால் கார்னர்பேக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திரும்புகிறார் என்று அர்த்தம்.

இருவர் மேலே விழ, அந்தரத்தில் பறித்த கேட்ச்களைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றும். எனக்கு அவை கொஞ்சம் சந்தேகத்தைத்தான் தரும். ஏன் எப்போதும் இவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்? கல்லூரியில் விலகி ஓட முடியாதவர் என்எஃப்எல்லில் எப்படி விலகுவார்?

ஒரே சீசனைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். 2019-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) ஜஸ்டின் ஜெஃபர்சன் 111 கேட்ச், 1,540 யார்டு எடுத்தார். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஸ்லாட்டில், அதாவது உள்பக்கம் நின்று. வெளியே பிரஸ்ஸை எதிர்த்து ஆடுவாரா என்று பலர் தயங்கினார்கள். 2018-இல் அவர் பெரும்பாலும் வெளிப்பக்கம் நின்று ஆடி, 875 யார்டுடன் அணியிலேயே முதலிடத்தில் இருந்தார். விடை அந்தப் பழைய ஆட்டங்களிலேயே கிடந்தது. 2020 டிராஃப்டில் ஃபிலடெல்ஃபியா 21-ஆவதாக ஜேலன் ரேகரை எடுக்க, அடுத்த இடத்தில் மினசோட்டாவுக்கு ஜெஃபர்சன் கிடைத்தார். முதல் சீசனிலேயே 1,400 யார்டு.

புள்ளிவிவரம் பார்ப்பதென்றால் மொத்த யார்டைவிட, அணியின் பாஸிங் யார்டில் அவர் பங்கு எவ்வளவு, எந்த வயதில் அதை எடுத்தார் என்று பாருங்கள். 19 வயதில் 22 வயதுக்காரர்களை ஓடவிட்டவருக்கு மதிப்பு அதிகம். ஆனால் பக்கத்தில், அதே எல்எஸ்யூவில் ஆடிய ஜமார் சேஸ் மாதிரி இன்னொரு நல்ல ரிசீவர் நின்றால் ஜெஃபர்சனுக்கே பங்கு குறையத்தான் செய்யும். வயதும் முழுதாக நம்பத் தக்கதல்ல. கப் முதல் என்எஃப்எல் ஆட்டம் ஆடும்போது 24. உயரம், எடைக்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை.

உங்கள் லீக்கின் புதுமுகத் தேர்வு என்எஃப்எல் டிராஃப்டுக்குப் பிறகு என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. முதல் சுற்றில் எடுத்தவருக்கு அணி பொறுமையாகப் பல வாய்ப்புகள் தரும், ஐந்தாம் சுற்று ஆளுக்கு அது கிடைக்காது. ஆகவே முதல் தேர்வில் சாகசம் வேண்டாம். அப்புறம், உங்கள் கடைசித் தேர்வுகளில் நன்றாக விலகி ஓடத் தெரிந்தும் காயத்தால் பின்தங்கியவரைத் தேடுங்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் (பிஒய்யூ) புகா நகுவா காயங்களால் பல ஆட்டங்களைத் தவறவிட்டு, 2023-இல் 177-ஆவதாகத்தான் போனார். அந்த வருடமே 105 கேட்ச், 1,486 யார்டு. புதுமுகங்களில் அதற்கு முன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.