பெரியப்பாவின் கோட்டு

அன்புள்ள அக்கா,

பிரான்சிலிருந்து ஊர் திரும்பி, போன வருடம் காலமான பெரியப்பாவின் கம்பளிக் கோட்டுகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. திண்டு உறையும் போர்வையும் தைக்கலாமென்று ஒன்றை வெட்டினேன். ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிகிறது. மிஷினில் அடித்தால் மூட்டு தடித்து நெளிகிறது. தைத்து முடித்து மேலே கொஞ்சம் அலங்காரத் தையலும் போட ஆசை. "கடலூர் வெயிலுக்குக் கம்பளியா?" என்று மகள் சிரிக்கிறாள். விட்டுவிடவா?

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

அன்புள்ள தங்கைக்கு,

விட்டுவிடாதீர்கள். புதுச்சேரியில் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இப்படியொரு கோட்டு கிடக்கும். சொல்தா தாத்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், கொண்டுவந்தது, பாரீசிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் விட்டுப்போனது. போடவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வராது.

முதலில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அப்படி நின்றால் கீழே சொல்வது எதுவும் பலிக்காது.

நூல் பிரிவதற்கான வைத்தியத்தை நான் ஒரு தப்பில்தான் கற்றேன். மாமனாரின் கோட்டை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டுவிட்டேன். வெளியே வந்தது பத்து வயதுப் பையனுடைய கோட்டு! ஒரு வாரம் வீட்டில் மூச்சு விடவில்லை. கம்பளி இழைமேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு விடாது. துணி சுருங்கித் தடித்துவிடும். ஆனால் அதைக் கத்தரித்துப் பார்த்தேன், ஓர் இழைகூடப் பிரியவில்லை. ஆகவே உங்கள் இரண்டாவது கோட்டை லைனிங், பொத்தான் எல்லாம் எடுத்துவிட்டு, வேண்டுமென்றே அப்படி அலசுங்கள். வெட்டிய துண்டுகளைப் பழைய தலையணை உறைக்குள் கட்டிப் போடலாம். காய்ந்தபின் ஓரத்தை நேராக நறுக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மிஷினை மூடிவையுங்கள். பிரியாத துணிக்கு மடிப்பெதற்கு? மடித்ததால்தான் உங்கள் மூட்டு தடித்தது. இரண்டு துண்டுகளின் உள்பக்கம் சேரும்படி வைத்து, விளிம்பைச் சுற்றிக் கம்பளித் தையல் போடுங்கள். பள்ளிக்கூடத் தையல் நோட்டில் பிளாங்கெட் ஸ்டிச் என்று எழுதி மார்க் வாங்கினோமே, அதுதான். திண்டைச் சேர்த்துப் பிடிப்பதும் அது, பார்க்க அழகாக இருப்பதும் அது. முடித்தபின் மேலே தனியாக அலங்காரம் போட எனக்குச் சம்மதமில்லை. போர்வைக்குத் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து, இரண்டையும் கவ்வும்படி மீன்முள் தையல், அதாவது ஹெர்ரிங்போன் ஸ்டிச். கூர்முனையும் பெரிய காதும் உள்ள ஊசி, ஆறிழை எம்பிராய்டரி நூலைப் பிரிக்காமல் முழுசாக, ஒரு தடவைக்கு ஒரு முழம். இழுத்து இறுக்கினால் விளிம்பு அலையலையாகிவிடும்.

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியரின் எம்பிராய்டரிக் கூடத்து மேசைவிரிப்புகளைப் பார்த்துவிட்டு, அந்த நுணுக்கத்தைக் கம்பளியில் முயன்று தோற்றிருக்கிறேன். ரோமத்துக்குள் புதைந்துபோகிறது. கால் அங்குலத் தையல்தான் எடுத்துக்காட்டும். கருநீலக் கோட்டானால் மஞ்சள் நூல் போடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தைத்தபின் பச்சைத்தண்ணீர் மட்டும். நம் கடற்கரை ஈரத்தில் மூடியே வைக்காமல் அவ்வப்போது வெயிலில் உதறுங்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழுதான், உதறினால் கொட்டிவிடும்.

மகளுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஏசியை இருபதில் வைத்துவிட்டு அவளே வந்து கேட்பாள்.

இன்னொன்று. கோட்டின் வெளிப்பையைப் பிரித்து எறிந்துவிடாதீர்கள். திண்டின் முன்பக்கம் அதோடு சேர்த்தே வெட்டுங்கள். எங்கள் வீட்டில் மாமனாரின் பையில்தான் இப்போது டிவி ரிமோட் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா