லைசென்ஸில் வராத காசு

கேள்வி: மின்வாரியத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதிலேயே மாநில அரசுக்குக் கோடி கோடியாகக் கிடைக்குமே? அப்புறம் எதற்கு என் கடை பில்லில் மட்டும் தனியாக 5 சதவீதம் மின்வரி? வீட்டு பில்லில் அது இல்லையே!
– ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

பதில்: லைசென்ஸில் அரசு கஜானாவுக்கு எதுவும் பெரிதாக வராது. 2003 மின்சாரச் சட்டப்படி உரிமம் கொடுப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உரிமக் கட்டணம் அந்த ஆணையத்தின் நிதிக்குத்தான் போகும். மின்வாரியமோ அரசின் சொந்த நிறுவனம். அதனிடம் கட்டணம் வாங்கினாலும், அரசு தன் இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டுக்கொள்வது போலத்தான்.

வருமானம் வேறு வழியில் வருகிறது. அரசியல் சாசனத்தின் 7-வது அட்டவணை, மாநிலப் பட்டியல், 53-வது இனம்: மின்சாரத்தைப் பயன்படுத்துவதற்கும் விற்பதற்கும் வரி போடும் அதிகாரம் மாநிலத்துடையது. அதை வைத்து 2003-ல் தமிழ்நாடு போட்ட சட்டத்தின்படிதான் நீங்கள் 5 சதவீதம் கட்டுகிறீர்கள். வாரியம் பில்லோடு சேர்த்து வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. வீடுகளுக்கு அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. வாக்குச்சீட்டு கடையிடம் இல்லை, வீட்டிடம்தான் இருக்கிறது.

உங்களை இன்னும் கொஞ்சம் கோபப்படுத்துகிறேன். ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த 53-வது இனத்தைத் தொடவில்லை. அதனால் துணி வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதைப் போல மின்வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. கட்டினால் கட்டியதுதான். உங்கள் ஊர் ஜங்ஷன் வழியாக ஓடும் ரயில்கள் இழுக்கும் மின்சாரத்துக்கோ மாநிலம் வரியே போட முடியாது. அரசியல் சாசனத்தின் 287-வது பிரிவு தடுத்துவிடுகிறது.

வசூலித்ததை அரசு என்ன செய்கிறது? அதைவிடப் பெரிய தொகை மானியமாக வாரியத்துக்கே திரும்பிப் போகிறது. விவசாய பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம், 2016 முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவு. ஆக, கடையில் வாங்கி வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்யலாம்.

சரி, பயன்பாட்டுக்குப் பதிலாக உற்பத்தியில் கை வைத்தால்? இமாச்சலப் பிரதேசம் 2023-ல் நீர்மின் நிலையங்கள் மீது தண்ணீர் வரி போட்டுப் பார்த்தது. 'இது மின் உற்பத்திக்கான வரிதான், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது' என்று மத்திய அரசு கடிதம் எழுதியது. 2024 மார்ச்சில் மாநில உயர் நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

லைசென்ஸில் கோடி கோடியாகக் கொட்டுவது தொலைபேசியில்தான். அது மத்தியப் பட்டியல். நிறுவனங்களின் வருவாயில் 8 சதவீதம் உரிமக் கட்டணமாக டெல்லிக்குப் போகிறது. அலைக்கற்றை ஏலம் தனி. 2022-ல் 5ஜி ஏலத்தில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்குக் கேட்டார்கள். இவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு? சல்லிக்காசு கிடையாது. நிதிக்குழு பிரித்துக் கொடுப்பது வரி வருவாயை மட்டும்தான். உரிமக் கட்டணமும் ஏலத் தொகையும் 'வரியல்லாத வருவாய்' என்ற கணக்கில் உட்கார்ந்துகொள்கின்றன. உங்கள் கடை மாடியில் செல்போன் கோபுரம் இருந்தால் வாடகை உங்களுக்கு, உரிமக் கட்டணம் டெல்லிக்கு. 'லைசென்ஸ் பணம் எங்கே?' என்ற கேள்வியைக் கோட்டைக்கு அனுப்பாமல் உங்கள் எம்.பி.யிடம் கேட்டுப் பாருங்கள்.