கிராசிங் மூக்குக்கு ஏன் மென்மையான எஃகு?

"ரயில் பாதைகள் பிரியும் கிராசிங்கில் தேய்மானம் அதிகம் என்றால், முதலிலேயே மிகக் கடினமான எஃகைப் போட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அங்கே தேய்மானத்தை விடப் பெரிய பிரச்சினை அடி. சக்கரத்தின் விளிம்பு நுழைந்து போக கிராசிங்கில் ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். அதைத் தாண்டும் சக்கரம், பக்கத்தில் வளைந்து செல்லும் இறக்கைத் தண்டவாளத்திலிருந்து, இரு தண்டவாளங்கள் V வடிவில் கூடும் கூரான முனையான மூக்கின் மேல் இறங்குகிறது. ஒவ்வொரு சக்கரமும் அப்படித்தான். வெறும் கடினம் மட்டும் இருந்தால் மூக்கு சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும்.

ஆங்கிலேய உலோகவியலாளர் ராபர்ட் ஹேட்ஃபீல்ட் 1882-இல் உருவாக்கிய மாங்கனீஸ் எஃகு இன்னும் நிலைத்திருப்பது இதனால்தான். கார்பன் சுமார் 1.2%, மாங்கனீஸ் 12 முதல் 13%. புது வார்ப்பின் கடினம் பிரினெல் அளவில் 200 சொச்சம்தான். சாதாரணத் தண்டவாளமே 260-க்கு மேல் இருக்கும். ஆனால் சக்கரங்கள் ஏற ஏற மேற்பரப்பு இறுகி 500-ஐ எட்டும். உள்ளே பழைய மென்மையே இருப்பதால் அடியை வாங்கிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த உலோகம் இது. காந்தம் கூட ஒட்டாது!

இறுகும் வரையிலான காலம்தான் தொல்லை. புது மூக்கின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி மெல்லிய உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும். உடனே சாணை பிடித்து எடுக்காவிட்டால் அது பிய்ந்து, கூடவே விரிசலையும் இழுத்துவரும். இதைத் தவிர்க்கத்தான் சில இடங்களில் வெடிமருந்துத் தகடு ஒட்டி வெடிக்கவைத்து, பாதையில் போடும் முன்பே மேற்பரப்பை இறுக்கிவிடுகிறார்கள்.

ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட நகரும் நாக்குத் தண்டவாளத்தின் கதை வேறு. அங்கே சக்கர விளிம்பு பக்கவாட்டில் உரசுவதே அதிகம். அதற்கு வெப்பப்பதம் செய்து 350 அளவுக்குக் கடினமாக்கிய கார்பன் எஃகுத் தண்டவாளம்தான் என் தேர்வு.

அப்புறம் வெல்டிங். மாங்கனீஸ் வார்ப்பை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தித்தான் பதப்படுத்துகிறார்கள். மெதுவாக ஆறினால் படிகங்களின் ஓரங்களில் கார்பைடு எனும் கார்பன் சேர்மம் படிந்து எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தேய்ந்த மூக்கை வெல்டிங்கில் நிரப்பும்போதும் இதே ஆபத்து உண்டு. அதனால் சின்னச் சின்னப் பூச்சாக, சூடு ஏறவிடாமல், ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் புதுப் பூச்சுக்கு அடியில் விரிசல் தொடங்கும். வார்ப்பின் பருத்த படிகங்கள் ஒலி அலையைச் சிதறடித்துவிடுவதால், அல்ட்ராசோனிக் சோதனையிலும் அது எளிதில் சிக்காது.